நட்சத்திரம் எங்கே போச்சு?

கேள்வி: 1969-இல் நிலாவில் எடுத்ததாகச் சொல்லும் படங்களில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே! எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சு. ஸ்டூடியோவில் எடுத்ததுதானே, ஆசிரியரே?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கறுப்பு வானத்தைப் பார்த்ததும் ராத்திரி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அப்பல்லோ 11 இறங்கிய இடத்தில் அப்போது காலை வெயில். காற்றில்லாத இடத்தில் பகலிலும் வானம் கறுப்புதான். வெயிலில் பளிச்சென்று நிற்கிற வெள்ளை உடுப்புக்காரரைப் பிடிக்கக் கேமரா 250-இல் ஒரு பங்கு நொடி திறந்து மூடும். அதற்குள் மங்கலான நட்சத்திரம் எங்கே வந்து விழும்?

ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தபோது அன்றைய மலேசியக் கடிகாரத்தில் ஜூலை 21, காலை 10.26. ரப்பர் பால் எடுக்கிற நேரம். அம்மா வெட்டுக்காட்டில் மங்கு மங்காக வாளியில் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார். பிறகு பத்திரிகையில் வந்த படத்தை எங்கள் லயத்துப் பலகைச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். அதில் நிற்பது ஆம்ஸ்ட்ராங் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அது கூட இறங்கிய ஆல்ட்ரின்! முகக்கண்ணாடியில் குட்டியாகத் தெரிகிறவர்தான் ஆம்ஸ்ட்ராங்.

கல்யாண ஆல்பத்தில் போட்டோக்காரரைத் தேடிய கதைதான். அங்கே பெரும்பாலான நேரம் ஹாசல்பிளாட் கேமரா ஆம்ஸ்ட்ராங்கின் நெஞ்சில்தான் மாட்டியிருந்தது. கண் வைத்துப் பார்க்க வழியில்லை. உடம்பைத் திருப்பிக் குத்துமதிப்பாக எடுக்க வேண்டியதுதான். அவர் இருக்கும் நல்ல ஸ்டில் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் தெளிவான ஒன்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். ஐயா, காசு கொட்டி ஸ்டூடியோ போட்டவன் முதல் மனிதனின் முகத்தையா விட்டுவைப்பான்? பத்துக் கோணத்தில் எடுத்துத் தள்ளியிருக்க மாட்டானா?

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த மாரியம்மன் திருவிழாவில் விளக்குகளோடு ரதம் வரும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். ரதத்துக்கு மேலே வானத்தில் ஒரு நட்சத்திரமாவது விழுந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அட்டையிலேயே போடுகிறேன்.