கேன்சர் இல்லை சரி, அப்போ இது என்ன?

கேள்வி: எனக்கு 41 வயது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லுகிற (உடைக்கிற) வேலை. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை முடிந்த வாரம் ஊசியால் சதை எடுத்து பயாப்ஸி பார்த்தார்கள். கேன்சர் இல்லை என்று ரிசல்ட் வந்தது. இப்போது ஆடி பிறந்தாயிற்று, கட்டி அங்கேயேதான் இருக்கிறது. தீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் கனத்து வலிக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் சுரீர் என்கிறது. மறுபடி போனதற்கு, "அதான் ஒண்ணுமில்லேன்னு வந்தாச்சே" என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார், "ஆசானைக் கண்டு ஒருக்கா தடவிட்டு வா மக்ளே" என்கிறார். போகலாமா டாக்டர்?
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: தடவப் போகாதீர்கள். வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பாவின் தோள் சுளுக்கை எடுத்தவர் ஓர் ஆசான்தான். ஆனால் மார்புக் கட்டியை அமுக்கித் தடவினால் உள்ளே ரத்தம் கட்டலாம், அடுத்த ஸ்கேனில் எங்களுக்கே குழப்பமாகும். எருக்கம்பாலும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

கேன்சரா என்று கேட்டார்கள், இல்லை என்று வந்தது. வேறென்ன என்று யாரும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு பெயர் இருக்கும், பாருங்கள். ஃபைப்ரோஅடினோமா என்றால் சாதுவான கட்டி. பெரும்பாலும் வலிக்காது, வளர்ந்தால் எடுத்துவிடலாம். ஃபைப்ரோசிஸ்டிக் என்றால் மாதாமாதம் கனத்து வலிப்பது அதன் குணம். கிரானுலோமா (அழற்சியால் வரும் கட்டி) என்றிருந்தால் அலட்சியம் கூடாது. அது கேன்சர் இல்லைதான், ஆனால் பெரும்பாலும் மருந்து வேண்டியிருக்கும். காசநோயால்கூட அப்படி வரும், அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். பெயரே இல்லாமல் 'புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை' என்று மட்டும் இருந்தால், ஊசி கட்டியில்தான் பட்டதா என்று கேளுங்கள். ஸ்கேன் ஒன்று சொல்லி பயாப்ஸி வேறொன்று சொன்னால் மறுபடி சதை எடுப்பதுதான் முறை.

கை தூக்கும்போது வரும் சுரீர் வேறு கதையாக இருக்கலாம். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து அண்டி தல்லுகிறவர்களுக்கு விலா எலும்பும் நெஞ்சுத் தசையும் நோகும். இன்று ராத்திரி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மார்பு அந்தப் பக்கம் சரிந்ததும், வலித்த இடத்து விலா எலும்பை ஒரு விரலால் அழுத்துங்கள். அதே சுரீர் வந்தால் வலி எலும்பிலோ தசையிலோ இருக்கலாம். அதற்காகக் கட்டியை மறந்துவிட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, தீட்டு நாளுக்கு ஒரு வட்டம். இரண்டு மாதம் போட்டால் டாக்டருக்கு ஒரே பார்வையில் விளங்கும். வலி கூடும் நாட்களில் இறுக்கமாகத் தாங்கும் பாடி போடுங்கள், தூங்கும்போதும். பாராசிட்டமால் போதும்.

ஆனால் மறு ஸ்கேனுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். உங்கள் வயதுக்கு மேமோகிராமும் சேர்த்துக் கேளுங்கள். பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துப்போங்கள். பயாப்ஸி செய்த லேபில் கேட்டால், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் தருவார்கள், வேறு நிபுணரிடம் காட்டலாம். கட்டி பெரிதானாலோ, தோல் குழிந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் உருண்டை தட்டினாலோ மறுநாளே போங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டின் அந்தக் கடைசி வரியை இருக்கிறபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வரைந்து அனுப்பினாலும் போதும்.