ஹார்லிக்ஸ் பாட்டிலும் டேட் ஃபைலும்

கேள்வி: எங்க கல்யாணம் 2003ல. வீடியோக்காரர் மூணு சிடியா குடுத்தாரு. இப்ப இருக்கிற லேப்டாப்ல சிடி போடற இடமே இல்ல, அதனால தம்பியோட பழைய கம்ப்யூட்டர்ல போட்டு பென்டிரைவ்ல ஏத்திட்டு வந்தேன். டிவில சொருகினா 'இந்த ஃபைல் சப்போர்ட் ஆகாது'ங்குது. எல்லாமே ஏவிசீக்01 டாட் டேட்னு இருக்கு. பேர எம்பி4னு மாத்தியும் பாத்துட்டேன், ஓடல. வீடியோ போயிடுச்சா சார்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: போகலைங்கம்மா, சிடிய மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. நம்ம வீட்டு அடுக்களைல காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல மிளகாத்தூள் போட்டு வெச்சிருப்போமே, எக்ஸ்டென்ஷன்ங்கறது (ஃபைல் பேர்ல டாட்டுக்கு அப்புறம் வர்ற வால்) அந்த பாட்டில் மேல இருக்கிற லேபிள் மாதிரிதான், மேல பூஸ்ட்னு புது ஸ்டிக்கர் ஒட்டிட்டு பால்ல கலக்கினா என்ன ஆகும், அதத்தான் நீங்க எம்பி4னு பேர் மாத்திப் பண்ணியிருக்கீங்க. டேட்ங்கறது வீடியோவுக்குன்னே உள்ள பேர் கூட கிடையாது, 'டேட்டா'ங்கறதோட சுருக்கம், எந்த சாஃப்ட்வேர் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்கும்.

உங்க சிடி உண்மைல விசிடி, அதாவது வீடியோ சிடி. 1993ல வந்த ஃபார்மட், உள்ள இருக்கிறது எம்பெக்-1 வீடியோ, ஒரு சிடிக்கு சுமாரா 74 நிமிஷம்தான் புடிக்கும். அதனாலதான் ஒரு கல்யாணத்துக்கு மூணு சிடி, அதுவும் சரியா தாலி எடுத்துக் குடுக்கற நேரத்துல முதல் சிடி முடிஞ்சு போகும். சிடிக்குள்ள எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர், அதுலதான் இந்த ஏவிசீக்01. விண்டோஸ்ல இத காப்பி பண்ணா முன்னாடி 44 பைட்ல ஒரு தலைப்ப ஒட்டி, சிடியோட செக்டார் (சிடிய துண்டு துண்டா பிரிச்சு எழுதற) கணக்கையும் நடுநடுவுல அப்படியே விட்டுடும். டிவி அதப் பாத்துட்டு முழிக்குது, அவ்ளோதான்.

விஎல்சி பிளேயர் போட்டு அதுல திறங்க, பெரும்பாலும் ஓடிடும். ஓடிச்சுன்னா அதுலயே மீடியா மெனுல 'கன்வர்ட்'னு இருக்கும், அத வெச்சு எம்பி4 ஆக்கிட்டா டிவியும் பாடும், போனும் பாடும். சிடில கீறல் இருந்து காப்பி பாதில நின்னா வேற கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டுப் பாருங்க, ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும். ஒரே ஒரு விஷயம், 'ஃபோர்கே ஆக்கித் தரேன்'னு யாராவது காசு கேட்டா கொஞ்சம் யோசிங்க. விசிடி படம் 352க்கு 288, மொத்தமே ஒரு லட்சம் புள்ளிதான், ஃபுல் எச்டில இருபது லட்சம். இல்லாத மூக்குத்திய கம்ப்யூட்டர் கற்பனைல வரைஞ்சு தரும், அது உங்க மூக்குத்தியா இருக்காது.

கேள்வி: எங்க மளிகைக் கடை வாசல்ல நிறுத்தியிருந்த வண்டிய ஒருத்தன் இடிச்சுட்டுப் போயிட்டான். கேமரால பதிவாகியிருக்கு, ஸ்டேஷன்ல கேக்கறாங்க. பென்டிரைவ்ல எடுத்தா டாட் டிஏவின்னு வருது, எதுலயும் திறக்கல. நெட்ல 'ஃப்ரீ பிளேயர்'னு ஏகப்பட்டது இருக்கு, எத போடறது? (ஒரு கடைக்காரர், திருப்பூர்)

பதில்: எதையும் போடாதீங்க அண்ணே. இந்த மாதிரி வினோத எக்ஸ்டென்ஷன் பேர் சொல்லி ஆள் புடிக்கற சைட்டுங்கதான் குப்பை சாஃப்ட்வேர் வர்ற வழி.

டிஏவி சீனாவோட டாஹுவா கம்பெனி ரெக்கார்டருங்க எழுதற ஃபார்மட், அதே பெட்டி வேற வேற பேர் ஒட்டியும் கடைல கிடைக்கும். உள்ள இருக்கிற படம் வழக்கமா வீடியோவ சுருக்கற எச்264 அல்லது எச்265 முறைதான், நம்ம போன்ல எடுக்கற வீடியோல இருக்கிற அதே சரக்கு, அதுமேல தேதி, நேரம், கேமரா நம்பர்னு அவங்க பாணில ஒரு துணிய சுத்திக் கட்டி வெச்சிருக்காங்க. ஒருதடவ இப்படி ஒரு ஃபைல ஹெக்ஸ் வியூவர்ல (ஃபைலுக்குள்ள இருக்கிற பைட்ட அப்படியே காட்டற சாஃப்ட்வேர்) திறந்து பாத்தேன், முதல் நாலு எழுத்தே டி-எச்-ஏ-வின்னு பளிச்னு தெரிஞ்சுது. பேர மாத்தி வெச்சிருந்தாலும் இந்த நாலு எழுத்து பொய் சொல்லாது.

முதல்ல ரெக்கார்டர்லயே பேக்கப் மெனுவ பாருங்க, நிறைய பெட்டில ஃபைல் டைப்னு ஒரு இடத்துல எம்பி4 தேர்வு பண்ண விடும், அப்படி இருந்தா வேலையே முடிஞ்சுது. இல்லேன்னா உங்க ரெக்கார்டர் கம்பெனியோட சொந்த சைட்லேர்ந்து அவங்க பிளேயர மட்டும் எடுங்க. பழக்கம் இருக்கிறவங்க எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல தரம் குறையாம அப்படியே எம்பி4 டப்பாக்கு மாத்திடுவாங்க, படத்த திரும்ப சுருக்காம துணிய மட்டும் மாத்தறது, நிமிஷத்துல முடிஞ்சிரும்.

ஆனா ஸ்டேஷனுக்குன்னா மாத்தினத மட்டும் குடுக்காதீங்க, ஒரிஜினல் டிஏவியையும் சேத்துக் குடுங்க. 2024 ஜூலைலேர்ந்து நடைமுறைல இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்துல 63வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, டிஜிட்டல் சாட்சிக்கு சர்டிஃபிகேட் கேக்கும், அதுல ஃபைலோட ஹாஷ் நம்பரும் (ஃபைலோட கைரேகை மாதிரி) வரணும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த நம்பர் மாறிடும், அதான் ஒரிஜினல தொடக் கூடாதுங்கறது. அப்புறம் பெட்டில ஓடற மணியும் உங்க போன் மணியும் ஒண்ணா இருக்கான்னு பாத்து வித்தியாசத்த எழுதி வைங்க, பத்து நிமிஷம் பின்னாடி ஓடற பெட்டிங்க நிறைய. இதெல்லாம் இன்னிக்கே பண்ணுங்க, ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே எழுதிட்டுப் போயிடும்.

கேள்வி: என் கேமரால டாட் 264னு சேவ் ஆகுது. விஎல்சில ஓடுது, ஆனா எல்லாரும் சார்லி சாப்ளின் படம் மாதிரி ஓடறாங்க, இழுத்துப் பாக்கவும் முடியல. (வாசகர், வேலூர்)

பதில்: அது டப்பாவே இல்லாத சரக்கு, பொட்டலம் கட்டாம கைல அள்ளிக் குடுத்த கடலை. எந்த படம் எத்தனாவது செகண்ட்ல வரணும்ங்கற கணக்கு பெரும்பாலும் அதுல இருக்காது, பிளேயர் குத்துமதிப்பா 25ன்னு வெச்சு ஓட்டும். உங்க கேமரா செகண்டுக்கு 12 படம்தான் எடுத்துச்சுன்னா ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். கேமரா செட்டிங்ல அந்த எண்ண பாத்து, எஃப்எஃப்எம்பெக்ல அத சொல்லி எம்பி4 டப்பால போட்டா சரியாயிடும்.

கேள்வி: கோப்ரோ கேமரா கார்டுல எல்ஆர்வி, டிஎச்எம்னு நிறைய இருக்கு, வைரஸா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: இல்லப்பா. எல்ஆர்வி அதே வீடியோவோட சின்ன சைஸ் காப்பி, போன்ல சட்டுனு பாக்கறதுக்கு, பேர எம்பி4னு மாத்தினா ஓடும் (இங்க மட்டும் ஸ்டிக்கர் மாத்தறது வேலை செய்யும், ஏன்னா உள்ள இருக்கிறதே அதுதான்). டிஎச்எம் ஒரு சாதா ஜேபெக் போட்டோ. ரெண்டையும் அழிச்சாலும் பெரிய வீடியோ அப்படியே இருக்கும்.

கேள்வி: ஃப்ரெண்டு அனுப்பின படம் 1 எம்பி தான் இருக்கு, பேர் எம்பி4னு முடியுது, கிளிக் பண்ணா எதுவுமே வரல. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1 எம்பில முழுப் படமா? விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷன மறைச்சுதான் காட்டும், ஃபோல்டர்ல 'வியூ' போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கிறத டிக் பண்ணுங்க. எம்பி4க்குப் பின்னாடி டாட் எக்ஸ்இன்னு இன்னொரு வால் தெரிஞ்சுதுன்னா அது படமே இல்ல, புரோகிராம், நீங்க கிளிக்கும் பண்ணிட்டீங்க. நெட்ட கட் பண்ணிட்டு முதல்ல ஆன்டிவைரஸ் ஃபுல் ஸ்கேன் போடுங்க, பேங்க் பாஸ்வேர்ட வேற போன்லேர்ந்து மாத்துங்க, ஃப்ரெண்டுகிட்ட அப்புறம் பேசிக்கலாம்.