ஓவிய அறைக்குப் பெட்டி வாங்கும் முன்

கேள்வி: வீட்டில் ஒரு சிறிய அறையை ஓவியம் வரைவதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். நீர்வண்ணமும் அக்ரிலிக்கும்தான் அதிகம். எப்போதாவது எண்ணெய் வண்ணத்திலும் வரைவேன். பொருள்கள் மேசை, அலமாரி, தரை என எங்கும் பரவிக் கிடக்கின்றன. வெள்ளை அக்ரிலிக் தீர்ந்துவிட்டதென்று நினைத்துப் புதிதாக வாங்கி வந்த மறுநாள், பழைய அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் திறக்காத இரண்டு வெள்ளை டியூப்கள் அகப்பட்டன. சக்கரம் வைத்த மூன்றடுக்கு டிராலி, பத்து இழுப்பறைகள் உள்ள பெட்டி ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். அந்த வெள்ளை டியூப்கள் அகப்பட்ட விதத்தைப் பார்த்தால், உங்களுக்குக் குறைவாக இருப்பது இடம் அன்று. இருக்கிற பொருள் கண்ணில் படவில்லை என்பதே சிக்கல். உள்ளே இருப்பது வெளியே தெரியாத பத்து இழுப்பறைகளை வாங்கினால், அடுத்த டியூப் ஒளிந்துகொள்ளவும் வசதியான இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு பழைய விரிப்பில் கொட்டி, வண்ண வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மூடியையும் திறந்து பாருங்கள். டியூப்புக்குள்ளேயே கெட்டியாகிவிட்ட அக்ரிலிக்கை மீட்க வழியில்லை. அதிலுள்ள நீர் வெளியேறியதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக் போல ஆகிவிடுவதால், மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. இறுகிப்போன நீர்வண்ண டியூப்பையோ எறிய வேண்டியதில்லை. அதை நீளவாக்கில் கீறிப் பிரித்து, உள்ளே இருக்கும் கட்டியைச் சிறு கிண்ணியில் எடுத்து வைத்தால், ஈரத் தூரிகை பட்டதும் பழையபடி கரைந்து வரும். எண்ணெய் வண்ணத்தின் மேல் ஆடை படிந்திருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு அடியில் உள்ளதைப் பயன்படுத்தலாம்.

மிஞ்சியவற்றில் ஒவ்வொரு முறை அமரும்போதும் கைக்கு வேண்டியவை எவை, இருப்பாக வைத்திருப்பவை எவை என்று பிரித்தபின், வாங்க வேண்டிய பெட்டியின் அளவு தானாகவே தெரிந்துவிடும். அன்றாடப் பொருள்களுக்கு டிராலி நல்லது; ஆனால் தட்டின் அடிப்பாகம் கம்பிவலையாக இருந்தால் பென்சிலும் தூரிகையும் இடுக்கில் நழுவும் என்பதால், முழுத் தகடாக உள்ளதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு தட்டுகளுக்கு இடையிலான உயரம் உங்களிடமுள்ள மிக உயரமான புட்டியோடு, அதைத் தூக்க உங்கள் கை நுழையும் அளவும் சேர்ந்து இருக்க வேண்டும். கனமான ஜெஸ்ஸோ (வண்ணம் தீட்டுமுன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) டப்பாக்கள் கீழ்த்தட்டில் இருந்தால்தான் வண்டி சாயாது. இருப்புக்கு இழுப்பறைப் பெட்டி வேண்டுமென்றால், டியூப்கள் ஒரே அடுக்காகப் படுத்திருக்கும் அளவுக்கு ஆழம் குறைந்ததாகப் பாருங்கள். முகப்பில் ஒட்டும் சீட்டில் வண்ணத்தின் பெயரை எழுதுவதோடு, அதே டியூப்பிலிருந்து ஒரு தீற்றலும் தீற்றிவிடுங்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் நிறத்தை நம்பி எடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றையும்விட, மூடுவதற்கு முன் டியூப்பின் கழுத்து மரையை ஒரு துணியால் துடைக்கும் பழக்கம்தான் பணத்தை மிச்சப்படுத்தும். அங்கே காய்ந்த வண்ணம் மூடியை ஒட்டிவிட, நாம் குறடு வைத்துத் திருக, டியூப் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் கிழிந்துவிடும். தூரிகை கழுவியதும் அதை முடி மேலே இருக்கும்படி குவளையில் நிறுத்துவதும் இதைப் போன்ற தவறே. தண்ணீர் உலோக வளையத்துக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்தும். மரப்பிடி ஊறி, மேற்பூச்சு செதில் செதிலாக உரியும். காயும்வரை படுக்கவைத்து, பிறகு நிறுத்துங்கள்.

எண்ணெய் வண்ணத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அதில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் குவித்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடி, யாரும் நெருப்பு வைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே அவற்றை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் மூழ்கவைத்து அப்புறப்படுத்துங்கள். எண்ணெய் வண்ணத்தை இளக்கப் பயன்படும் டர்பன்டைனைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது கூடவே கூடாது.

கேள்வி: முழு அளவு நீர்வண்ணத் தாள்களை வைக்க ஏ2 ஃபோல்டரே போதும் என்று கடையில் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியன்று. முழுத் தாள் என்பது பொதுவாக 22 × 30 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56 × 76 செ.மீ. ஏ2 அளவோ 42 × 59.4 செ.மீ. மட்டுமே, அதில் அரைத் தாள்தான் அடங்கும். உங்களுக்கு 59.4 × 84.1 செ.மீ. உள்ள ஏ1 வேண்டும். இழுப்பறையாக வாங்குவதென்றால், விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு என்பதை நினைவில் கொண்டு, உள் அளவைக் கேட்டு வாங்குங்கள். ஃபோல்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறைகள் பிவிசியாக இல்லாமல் பாலிப்ரொப்பிலீனாக இருப்பது நல்லது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எதில் வைத்தாலும் ஈரச்சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ வைக்காதீர்கள். ஈரத்தில் கிடந்த தாள் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ஆனால் அதன் மேலுள்ள பசைப்பூச்சு அங்கங்கே கெட்டிருப்பதால், வண்ணம் பூசியதும் மையொற்றும் தாளில் உறிஞ்சப்படுவது போலத் திட்டுத்திட்டாக இறங்கும். அப்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் பாதி வானம் வரைந்திருப்போம்.

கேள்வி: இருபக்கமும் முனையுள்ள ஆல்கஹால் மார்க்கர்களை நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டில் அடுக்கியிருக்கிறேன். ஒரு முனை வறண்டு, மறுமுனையில் மை சொட்டுகிறது. தரக்குறைவான பொருளா?

பதில்: வைத்த விதமே காரணமாக இருக்கலாம். நின்ற நிலையில் மை கீழ்முனைக்கு இறங்கிவிடும். சில நாள்கள் படுக்கவைத்துப் பார்த்து, அப்போதும் சரியாகாவிட்டால் கடைக்காரரிடம் பேசுங்கள். ஸ்டாண்டைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலானவற்றை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் மார்க்கர்கள் படுத்துக்கொள்ளும்.