அடிப்படைவாதம் இடைக்காலத்தின் மிச்சமா? (பதில்)

"அடிப்படைவாதம் இடைக்காலத்தின் மிச்சம்" என்ற உங்கள் வரியை நெறியாளர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் செய்தது சரிதான்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1910 முதல் 1915 வரை, கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளைக் காக்க எழுதிய 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பு 12 தொகுதிகளாக வந்தது. பணம் போட்டவர்கள் கலிபோர்னியா எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் சகோதரர் மில்ட்டனும். போதகர்களுக்கு இலவசமாகத் தபாலில் போனது. எண்ணெய்ப் பணம், அச்சகம், தபால் எல்லாமே நவீன காலத்துச் சரக்கு. அது முதலில் தாக்கியது, பைபிளை வரலாற்று ஆவணமாக ஆராய்ந்த ஜெர்மன் முறை. பரிணாமத்தை முழுதாக மறுக்காத ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஆர் கூட அதில் எழுதினார்.

டென்னசியில் பரிணாமம் கற்பித்ததாக ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது நடந்த 1925 வழக்கோடு கதையை முடித்துவிடாதீர்கள், பலரும் வழுக்கும் இடம் அது. அவருக்கு விதித்த 100 டாலர் அபராதம் 1927இல் நடைமுறைப் பிழையால் ரத்தானது. பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த டென்னசியின் சட்டமோ 1967 வரை நீடித்தது. உங்கள் எழுத்தில் ஸ்டூவர்ட்டை முதலில் வையுங்கள், வழக்கைப் பிறகு.