‘படிப்பு முடியும்வரை வேண்டாம் என்றுதான் இருந்தோம்…’

கேள்வி: எனக்கு வயது 23. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. திண்டுக்கல் பக்கம் மாமியார் வீட்டில் கூட்டாக இருக்கிறோம். படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் பேசிவைத்திருந்தோம். எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் கரு தரிப்பதே சிரமம் என்று முன்பு ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் செல்போன் ஆப்பில் நாள் பார்த்துக்கொண்டேன். மற்ற நாட்களில் அவர் கவனமாக விலகிக்கொள்வார். ஒருமுறை சந்தேகம் வந்து, உறவுக்குப் பின் போடும் 72 மணி நேர அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மூன்று மெடிக்கலில் கேட்டும் கிடைக்கவில்லை. இப்போது ஏழாவது வாரம். கலைக்கலாம் என்று போனால், கணவரும் மாமியாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். சட்டம் அப்படியா? முதல் கருவைக் கலைத்தால் பிறகு தங்காது என்பது உண்மையா? இவ்வளவு படித்தும் எங்கே கோட்டை விட்டோம் என்றே தெரியவில்லை.

பதில்: கையெழுத்தை முதலில் முடித்துவிடுவோம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. கணவர் கையெழுத்து என்பது, பின்னால் தகராறு வந்துவிடுமோ என்று பயந்து மருத்துவமனைகள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம். மாமியார் கையெழுத்து எனக்கே புதிது! 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை தவறிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லக் கல்யாணமாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் விவரத்தை வெளியே சொல்வது தண்டனைக்குரிய குற்றம். அங்கே பிடிவாதம் பிடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். மாத்திரையால் கலைப்பது 9 வாரம்வரைதான். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தெரிந்த மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தம் நிற்காமல் நள்ளிரவில் வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தசோகை இருக்கிறதா, ரத்த வகை என்ன என்பதும் தெரிய வேண்டும். மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போனாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே மருத்துவமனை. பப்பாளி, எள்ளும் வெல்லமும் என்று யாராவது சொல்வார்கள். அவற்றைத் தின்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

முறையாக, ஆரம்பத்திலேயே கலைத்தால் அடுத்த கரு தங்குவதில் சிக்கல் வராது. அந்தப் பேச்சு ஒரு காலத்து அனுபவத்திலிருந்து வந்திருக்கும். குச்சி, கஷாயம் என்று யாரிடமோ போய், கிருமி தொற்றிக் குழாய் அடைத்துப்போன பெண்கள் அப்போது அதிகம். இடையில் மனம் மாறி, குழந்தை இருக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் உங்கள் முடிவுதான். அப்படியானால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்குங்கள்.

இனி, ‘எங்கே கோட்டை விட்டோம்’ என்ற கேள்வி. தவறை முழுக்க உங்கள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

பிசிஓடியில் கருமுட்டை நேரம் தவறி வரும். வரவே வராது என்று அர்த்தமில்லை. ‘சிரமம்’ என்று ஒரு டாக்டர் போகிற போக்கில் சொன்ன சொல்லை, இருபது வயதுப் பெண் ‘எனக்குக் கருத்தடை தேவையில்லை’ என்று எடுத்துக்கொள்கிறாள். இது டாக்டர்களான எங்கள் பக்கத்துப் பிழை. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவருக்கு ஆப் சொல்லும் பாதுகாப்பான நாள் வெறும் ஊகம். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். விலகிக்கொள்வதை மட்டும் நம்பும் 100 தம்பதிகளில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய 20 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. ஆணுறையில் அது 13 அளவு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டியில் ஒன்றுக்கும் குறைவு.

இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள். கல்யாணத்துக்கு மண்டபம், நகை, ஜாதகம் வரை பேசுகிற வீட்டில் இதைப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து ‘ஏதும் விசேஷமா?’ என்று கேட்க மட்டும் தெருவே உண்டு. கூட்டுக் குடும்பத்தில் மாத்திரை அட்டையை எங்கே ஒளித்து வைப்பது என்பதே பெரிய பிரச்சினை என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. கிராம செவிலியரிடம் கேட்டால் ‘இப்பத்தானேம்மா கல்யாணம் ஆச்சு, அதுக்குள்ள என்ன?’ என்பார், அல்லது மாமியாரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இன்னொன்றும் உண்டு. 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு நம்முடையது. தமிழ்நாடு அதில் வெற்றி பெற்ற மாநிலம். 2019–21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். ஆனால் அந்த வெற்றி பெரும்பாலும் இரண்டு பெற்றபின் செய்கிற ‘ஆபரேஷன்’ வழியாக வந்தது. இங்கே கருத்தடை செய்திருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்தான். பெற்று முடித்தவர்களுக்கு வழி போட்டாயிற்று. இன்னும் பெறாமல், இரண்டு வருடம் தள்ளிப்போட நினைக்கிற உங்களைப் போன்றவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அந்த 72 மணி நேர மாத்திரையும் அப்படித்தான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கலாம் என்று நாட்டில் அனுமதி வந்து பல வருடமாகியும், தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் அதை வைத்திருப்பதே இல்லை. மூன்று கடையில் கேட்ட உங்களுக்கு இருந்த பொறுப்பு, அதை அடுக்கி வைக்காத கடைகளுக்கு இல்லை.

கலைத்தபின் இரண்டு வாரத்திலேயே மறுபடி கருமுட்டை வெளிவரலாம். ஆகவே கருத்தடையை அப்போதே தொடங்க வேண்டும். ‘முதல் குழந்தைக்கு முன் கருத்தடை மாத்திரை போட்டால் பிறகு தங்காது’ என்பார்கள், அது தவறு. நிறுத்தியதும் பழையபடி கரு தரிக்கும். உங்களுக்கு பிசிஓடி இருப்பதால், ரத்த அழுத்தமும் ஒற்றைத் தலைவலியும் இல்லையென்றால், தினசரி ஹார்மோன் மாத்திரை மாதவிலக்கையும் ஒழுங்குபடுத்தும். வீட்டில் கேட்டால் ‘பிசிஓடி மாத்திரை’ என்று சொல்லுங்கள், பொய்யில்லை. மாத்திரையே வேண்டாம் என்றால் காப்பர் டி. குழந்தை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம், எடுத்ததும் கரு தரிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் அதை நிறுத்தியபின் கரு தரிக்கப் பல மாதம் பிடிக்கலாம். வேலை கிடைத்ததும் குழந்தை என்று நினைத்தால் அதை நான் உங்களுக்கு எழுதமாட்டேன்.