ஊசியில் போன செல்லை ஸ்கேனில் தேட முடியுமா?

கேள்வி: மூட்டுத் தேய்மானத்துக்காக அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி போட்டோம். பெட் ஸ்கேன் எடுத்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

ஊசியில் போன செல் எது, மூட்டில் ஏற்கெனவே இருந்த செல் எது என்று ஸ்கேனுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஊசி போடும் முன்பே அந்தச் செல்லில் அடையாளம் ஏற்றியிருக்க வேண்டும். ஆட்டை மந்தையில் விடும் முன் முதுகில் சாயம் பூசுகிறோமே, அந்த மாதிரி. “என்ன ஏற்றினீர்கள், எந்தத் தேதியில்?” என்று ஊசி போட்ட இடத்தில் கேளுங்கள், பதில் வராது. பெட் ஸ்கேனில் வழக்கமாகப் போடும் கதிரியக்கச் சர்க்கரையின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 110 நிமிடம்தான், அதை ஏற்றியிருந்தாலும் மறுநாளே தீர்ந்திருக்கும். இப்போது எடுத்தால் புதிதாக ஏற்றும் சர்க்கரையை வீங்கிய மூட்டு எப்படியும் இழுக்கும், ஊசி போடாத முழங்கால்கூட ஒளிரலாம். அந்தப் படத்தைக் காட்டி, “பாருங்க, செல் வேலை செய்யுது” என்று அடுத்த ஊசிக்குத் தேதி குறிப்பார்கள். உங்களை அங்கே கூட்டிப்போன ஆளுக்கு ஸ்கேனிலும் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, இரும்பு. நுண்ணிய இரும்புத் துகளை ஏற்றிய செல், எம்ஆர்ஐயில் கரும்புள்ளியாகத் தெரியும். நெதர்லாந்தின் நைமேகனில் தோல் புற்றுநோயாளிகள் 8 பேருக்கு இப்படி ஏற்றிய நோய் எதிர்ப்புச் செல்களை, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே நிணநீர்க் கணுவில் போட்டார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் 4 பேருக்கு ஊசி கணுவுக்குள்ளேயே போகவில்லை! 2005இல் வெளியான ஆய்வு இது. ஆனால் அந்தப் புள்ளி இடத்தைத்தான் காட்டும், உயிரை அல்ல. செல் செத்தால் அதன் இரும்பை உடம்பின் துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும், புள்ளி அங்கேயே கிடக்கும். ஊசி குத்தியதில் கசிந்த ரத்தமும் கருப்பாகத்தான் தெரியும். ஆக, இரும்பு ஏற்றினோம் என்று சொன்னாலும் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது.

இன்னொன்று. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதன் பிறகு 2022இல் முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு மட்டும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. விதி பாட்டுக்குக் காகிதத்தில் இருக்கிறது, ஸ்டெம் செல் விளம்பரப் பலகையும் பாட்டுக்கு ரோட்டில் நிற்கிறது, கேட்க நாதியில்லை.

ஆராய்ச்சி என்று சொன்னால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், அந்த இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அப்புறம் ஊசி போட்ட முழங்கால் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.