நல்லா ஓடிய சான்ட்ரோவை ஹூண்டாய் ஏன் நிறுத்தியது? திரும்பக் கொண்டுவந்தும் ஏன் நிலைக்கவில்லை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பதிலில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். எங்கள் வீட்டில் 2001ல் வாங்கிய சான்ட்ரோ ஸிப் டிரைவ் இன்னும் இருக்கிறது.

சான்ட்ரோ கதையை உயரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1998 செப்டம்பரில் அது வந்தபோது நமக்குச் சின்ன கார் என்றால் மாருதி 800, கொஞ்சம் வசதி இருந்தால் ஜென். இரண்டுமே தாழ்வான வண்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில் இது நெட்டையாக நின்றது. 'டால்பாய்' (நெட்டைப் பையன்) என்று கம்பெனியே பெயர் வைத்துச் சமாளித்தது. கொரியாவில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோஸ்தான் இதற்கு மூலம். அந்த முகம் இங்கே எடுபடாது என்று முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றித்தான் இறக்கினார்கள். அப்படியும் கிண்டல் ஓயவில்லை. அழகுப் போட்டி வைத்திருந்தால் அதே சமயம் வந்த டேவூ மாட்டிஸ்தான் ஜெயித்திருக்கும்.

அப்பா ஜென் வாங்கத்தான் நினைத்திருந்தார். பாட்டிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஷோரூமில் சான்ட்ரோவின் பின்கதவைத் திறந்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. "நம்ம வீட்டு நாற்காலி மாதிரி இருக்குடா, இதையே எடுத்துடு" என்றார். முடிந்தது பேச்சு. சீட் இடுப்பு உயரத்தில் இருந்ததுதான் விஷயம். தலைப்பாகை கட்டும் சர்தார்ஜிகளுக்கும் அந்தக் கூரை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

உயரம் மட்டும் வண்டியை விற்றுவிடவில்லை. 999 சிசி, நான்கு சிலிண்டர், 12 வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ எஞ்சின். மாருதியின் சின்ன கார்கள் அப்போது அவ்வளவு துல்லியம் இல்லாத பழைய கார்புரேட்டரில் ஓடின. 1999ல் டெல்லியில் யூரோ புகை விதிகளைச் சீக்கிரம் கொண்டுவர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாக எஞ்சினை மாற்ற, சான்ட்ரோ நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஷாருக் கான் விளம்பரம். ஹூண்டாய் என்ற பெயரைச் சரியாக உச்சரிக்கவே தெரியாத ஊரில், தெரிந்த முகம் ஒன்று தேவைப்பட்டது.

எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையில் செய்தவை. காஞ்சிபுரம் பேருந்தில் போகும்போது ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, வெயிலில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளை எண்ண முயன்று பாதியில் தோற்றுப்போவேன். நம் ஊரில் மாற்றிய முகம்தான் பிறகு ஆட்டோஸ் பிரைம் என்று வெளிநாடு போனது. மெக்சிகோவில் டாட்ஜ் முத்திரையோடு விற்ற ஆட்டோஸும் இங்கிருந்து போனதுதான்.

2003ல் சான்ட்ரோ ஸிங் வந்தது. முகம் திருத்தி, 1.1 லிட்டர் எஞ்சினும் தந்தார்கள். அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பது என் குறை. 2007ல் ஐ10, 2011ல் இயான். மேலே ஒரு தம்பி, கீழே ஒரு தம்பி. நல்ல வண்டி வேண்டும் என்றவர்கள் ஐ10க்குப் போனார்கள், விலை குறைவாக வேண்டும் என்றவர்களுக்கு இயான் இருந்தது. நடுவில் மாட்டிய அண்ணனை 2014 கடைசியில் நிறுத்தினார்கள். விற்காமல் போன வண்டி அல்ல. உள்நாட்டில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

2018 அக்டோபரில் அதே பெயரில் புது சான்ட்ரோ வந்தது. விலை 3.89 லட்சத்தில் ஆரம்பம், கியர் தானாக மாறும் ஏஎம்டி, கம்பெனியே பொருத்திய சிஎன்ஜி. குறைவைக்கவில்லை. ஆனால் பெயரைத்தான் கொண்டுவர முடிந்தது. 1998ல் உயரமான சின்ன கார் என்றால் இது ஒன்றுதான் கண்ணில் படும். இருபது வருடத்தில் வேகன்ஆர் முதல் எல்லாமே நிமிர்ந்து நிற்க ஆரம்பித்துவிட்டன, காசு சேர்த்தவர்கள் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். 2019ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்குக் கிடைத்த இரண்டு நட்சத்திரமும் உதவவில்லை. புகை விதி, ஏர்பேக் என்று ஒவ்வொன்றும் சின்ன காரின் விலையை ஏற்றிக்கொண்டே போனது. 2022ல் மறுபடியும் நிறுத்தினார்கள். இந்த முறை யாரும் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. நானும்தான்.

எங்கள் வண்டிக்கு, பழைய வண்டிகளுக்கான பசுமை வரி கட்டி, பதிவுச் சான்றான ஆர்சியைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். போன மாதம் இன்னொரு வண்டி பார்க்க அம்மாவோடு ஷோரூம் போனேன். விற்பனைப் பையன் ஒரு குட்டி எஸ்யூவியைக் காட்டி, "நல்ல உயரம் சார், பெரியவங்க ஏறி இறங்க வசதி" என்றான். அம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பிடித்து ஏறுவதற்குக் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார்.